திரைக்கு முன்னால் ஓர் இருக்கை

ஒரு சின்னக் கணக்கு போடலாமா?

குடும்பத்தில் ஐந்து பேர். லீவுக்கு வெளிநாட்டு நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறார்கள். விமானத்தில் நான்கு டிக்கெட் சாதாரண வகுப்பு. ஒரே ஒரு டிக்கெட் மட்டும் முதல் வகுப்பு. அதில் யாரை உட்கார வைப்பீர்கள்?

'இதிலென்ன யோசனை, சம்பாதிக்கிற அப்பாதான்' என்று நீங்கள் சொன்னால், நீங்கள் ஓர் அப்பா. 'பாவம், அம்மா' என்று சொன்னால், நீங்கள் கல்யாணமாகிப் போன மகளாக இருக்கலாம். 'எதுக்கு வம்பு, அந்த ஒரு சீட்டையும் சாதா சீட்டாவே வெச்சுக்கலாமே' என்று சொன்னால், நீங்கள் பல குடும்பச் சண்டைகளைப் பார்த்து அடிபட்ட அனுபவஸ்தர்!

இது கற்பனைக் கணக்கு இல்லை. பெருந்துறையில் இருக்கும் என் நண்பர் ஒருவர் வீட்டில் நிஜமாகவே வந்த கணக்கு. அவருக்குச் சென்னிமலைப் போர்வை வியாபாரம். வருஷத்துக்கு ஐந்தாறு தடவை துபாய் போய் வருவார். போகப் போக விமானக் கம்பெனி கணக்கில் புள்ளிகள் சேர்ந்துகொண்டே வந்தன. பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும், 'இந்தத் தடவை வீட்டோட துபாய்' என்று முடிவெடுத்தார். அவர், மனைவி, காலேஜ் போகும் மகள், பத்தாவது முடித்த மகன், எழுபத்து நான்கு வயது அம்மா.

கோவையிலிருந்தே ஷார்ஜாவுக்கு நேர் விமானம் இருக்கிறது. பெருந்துறையில் காலையில் காரெடுத்தால் அவிநாசி ரோட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பீளமேடு. ஆனால் அதில் முதல் வகுப்பு கிடையாது. நண்பருக்கோ புள்ளிகளைச் செலவு பண்ணிப் பார்க்க ஆசை. அதனால் சென்னை வழியாகப் பயணம் என்று மாற்றினார். கணக்குப் பார்த்தால், சேர்ந்த புள்ளிகள் திரும்பி வரும்போது ஒரே ஒரு ஆளை முன்னால் உட்கார வைக்கத்தான் போதுமாக இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு நானும் அந்த வீட்டில் இருந்தேன். நடந்த விவாதத்தை அப்படியே சொல்கிறேன்.

மகள் சொன்னாள்: "அப்பாதான் உக்காரோணும். புள்ளியெல்லாம் அவர் அலைஞ்சு சேர்த்தது."

நண்பர் சொன்னார்: "அம்மாவுக்கு முட்டிவலி. நாலு மணி நேரம் காலை மடக்கி உக்கார முடியாது. அம்மா உக்காரட்டும்."

பாட்டி சொன்னார்: "என்னயக் கொண்டுபோயி அங்க தனியா உக்கார வெச்சா, ஒரு வாய் தண்ணி வேணும்னாக்கூட யாரைக் கூப்பிடறது சாமி? நீங்க இருக்கற பக்கமே எனக்குச் சொகம். இவ உக்காரட்டும். கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து ஒரு நாளு காலு நீட்டி உக்காந்து நான் பாத்ததில்ல." கை மருமகளைக் காட்டியது.

மருமகள் சொன்னார்: "ஏனுங்க, பையன் பத்தாவதுல நல்ல மார்க் வாங்கியிருக்கான். அவன் உக்காந்தா ஒரு ஊக்கமா இருக்குமுங்க."

பையன் சொன்னான்: "அஞ்சு பேர் பேரையும் எழுதிச் சீட்டுப் போட்டுப் பாத்துடலாம்ப்பா."

கவனித்தீர்களா? பத்தே நிமிஷத்தில், நீதி என்றால் என்ன என்று உலகத்தில் பெரிய புத்தகங்கள் எழுதியவர்கள் சொன்னதெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. உழைத்தவனுக்கு உரியது என்பது ஒரு நீதி. தேவைப்படுகிறவருக்கு உரியது என்பது இன்னொன்று. இதுவரை கிடைக்காதவருக்குக் கொடுப்பது மூன்றாவது. தகுதிக்குப் பரிசு என்பது நான்காவது. குலுக்கல் என்பது ஐந்தாவது. யாரும் தனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை என்பது அந்த வீட்டின் அழகு.

அமர்த்தியா சென் 2009-ல் வெளியிட்ட 'தி ஐடியா ஆஃப் ஜஸ்டிஸ்' புத்தகத்தில் ஏறக்குறைய இதே புதிர் வரும். மூன்று குழந்தைகள், ஒரு புல்லாங்குழல். ஒரு குழந்தைக்கு வாசிக்கத் தெரியும். ஒரு குழந்தையிடம் விளையாட வேறு பொருளே இல்லை. ஒரு குழந்தை அந்தக் குழலைச் செய்தது. யாருக்குக் கொடுப்பது? மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிட முடியாது என்பதுதான் அவர் காட்டுவது.

ஆனால் புல்லாங்குழலுக்கும் முதல் வகுப்பு இருக்கைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது பொருளாதார மேதை இல்லை, என் நண்பரின் மனைவி.

கடைசியில் பாட்டி சொன்னதுதான் ஜெயித்தது. திரும்பி வரும்போது அவர்தான் முன்னால் உட்கார்ந்து வந்தார். அடுத்த வாரம் கேட்டேன், "எப்படி இருந்ததுங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்க. படுக்கையாட்ட நீட்டிக்கற சீட்டு. சாப்பாடு பீங்கான் தட்டுல. பேரு சொல்லிக் கூப்பிடறாங்க. ஆனா, 'இது நல்லா இருக்கு'ன்னு சொல்லப் பக்கத்துல ஆளில்லையே! ஒரு மணி நேரம் பாத்தேன். எந்திரிச்சுப் போயி, அத்தை சாப்பிட்டாங்களான்னு பாத்துட்டு வந்தேன். நான் பின்னாடி போலாமாம். அவங்க முன்னாடி வரக்கூடாதாம்."

கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்றும் சொன்னார்.

"என்னய மொதல்லயே ஏத்தி உக்கார வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஏறுனவங்க எல்லாம் என்னயப் பாத்துட்டே போனாங்க. மொதல்ல கூச்சமா இருந்துச்சு. கொஞ்ச நேரங் கழிச்சு, அவங்க பாக்கறது நல்லாவும் இருந்துச்சு. அதுதானுங்க எனக்குப் பயமாப் போச்சு."

நான் பி.காம். படித்தவன். லாப நஷ்டக் கணக்கு ஓரளவு தெரியும். ஆனால் முதல் வகுப்பு என்ற வியாபாரத்தின் முழுக் கணக்கையும் இவ்வளவு சுருக்கமாக எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அந்த டிக்கெட்டில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஒன்று, வசதி. இன்னொன்று, வித்தியாசம். இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தருவதால், எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று நமக்குத் தெரிவதில்லை.

வசதி என்பது கால் நீட்ட இடம், நல்ல சாப்பாடு, தூக்கம். இது உடம்புக்கு. இதில் தப்பே கிடையாது. சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே 31, 32 அங்குலம்தான். அதில் முட்டிவலிக்காரர் ஒருவர் நான்கு மணி நேரம் உட்கார்ந்து வருவது நிஜமான கஷ்டம்.

வித்தியாசம் என்பது வேறு. தனி வரிசை, தனி வாசல், நடுவில் ஒரு திரை, கடந்து போகிறவர்களின் பார்வை. இது உடம்புக்கு இல்லை, மனசுக்கு. இந்தச் சரக்குக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. எல்லோருக்கும் கொடுத்தால் அது காணாமல் போய்விடும்! வசதியைப் பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் உங்கள் காலுக்கு நீட்டிய சுகம் குறையாது. வித்தியாசத்தைப் பத்துப் பேருக்கும் கொடுத்துவிட்டால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

இந்த வியாபாரம் இன்று நேற்று வந்ததில்லை. ஜூல்ஸ் டுப்யூய் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். பாலம், சாலை கட்டும் இன்ஜினீயர், கூடவே பொருளாதாரமும் எழுதியவர். 1849-ல் ரயில் கட்டணங்களைப் பற்றி எழுதும்போது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இருக்காது, வெறும் மரப்பலகைதான். ஒரு கூரை போட எவ்வளவு ஆகிவிடும்? ஏன் போடவில்லை?

அவர் சொன்ன பதில் இன்று படித்தாலும் சுருக்கென்று தைக்கும். கம்பெனிக்கு ஏழைகள் மேல் கோபமில்லை, கூரைக்கு ஆகும் செலவும் பெரிதில்லை. கூரை போட்டுவிட்டால், இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர்களும் மூன்றாம் வகுப்பிலேயே போய்விடுவார்கள். அவர்களைப் பயமுறுத்தத்தான் ஏழை நனைகிறான். அதே கம்பெனி, முதல் வகுப்புக்காரருக்குத் தேவைக்கு மேலேயே வாரி வாரிக் கொடுக்கும்.

அதாவது, முன்னால் இருப்பவரின் சௌகரியத்தை மட்டும் கம்பெனி தயாரிப்பதில்லை. பின்னால் இருப்பவரின் அசௌகரியத்தையும் கொஞ்சம் தயாரிக்க வேண்டியிருக்கிறது. பின்னால் ரொம்ப சுகமாக இருந்தால் முன்னால் யார் காசு கொடுப்பார்கள்?

உடனே விமானக் கம்பெனிகளை வில்லன் ஆக்கிவிட வேண்டாம். மறுபக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017-ல் தன் ஏ380 விமானங்களுக்குக் கொண்டுவந்த புது அமைப்பில் மொத்தம் 471 இருக்கைகள். அதில் மேல்தளத்தில் தனி அறை போன்ற 'சூட்' ஆறே ஆறு. சாதாரண வகுப்பில் 343. எமிரேட்ஸின் ஏ380-ல் முதல் வகுப்பு பயணி வானத்தில் ஷவரில் குளிக்கலாம், தண்ணீர் ஐந்து நிமிஷம் வரும்! முன்னால் உட்கார்ந்திருக்கும் சிலர் கொடுக்கும் பெரிய தொகை இல்லாமல் பல நீண்ட தூர விமானங்களுக்குக் கணக்கு கட்டுப்படியாகாது. பின்னால் இருப்பவரின் டிக்கெட் அந்த விலையில் கிடைப்பதற்கு முன்னால் இருப்பவரும் ஒரு காரணம்.

எனவே 'முதல் வகுப்பே பாவம்' என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொறாமையா நீதியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். நான் கேட்பது வேறு. நம் சந்தோஷத்தில் எத்தனை பங்கு வசதி, எத்தனை பங்கு வித்தியாசம்?

வித்தியாசம் மட்டுமே தனியாக விற்பனைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க விமான நிலையம் போக வேண்டாம். நம் கொங்கு நாட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலே போதும்.

இரட்டைக் குவளை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே பாய்லர், ஒரே டீத்தூள், ஒரே பால், ஒரே விலை. ஆனால் சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்குத் தனிக் குவளை. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இதை எதிர்த்துப் போராட்டங்கள் 2000-களில்கூட நடந்தன. யோசித்துப் பாருங்கள். கண்ணாடி டம்ளரில் குடித்தவருக்கு டீ ஒரு சொட்டும் அதிக ருசியில்லை. வசதி பூஜ்யம். அவர் அனுபவித்தது முழுக்க முழுக்க வித்தியாசம் மட்டும்தான். 'அவனுக்கு இந்த டம்ளர் கிடையாது' என்ற ஒரே ருசி.

விமானத் திரையும் டீக்கடைக் குவளையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பெரிய வேறுபாடு இருக்கிறது. திரைக்கு முன்னால் போகப் பணம் இருந்தால் போதும். யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. டீக்கடையிலோ பையில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் அந்தக் கண்ணாடி டம்ளர் கிடைக்காது. பணம் ஜாதியைவிட எவ்வளவோ மேல். பஸ்ஸில் ஏறுவதற்கே ஜாதி பார்த்த நாடு இது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஊ.பு.அ.சௌந்தரபாண்டியன், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்பதே அன்றைக்கு ஒரு புரட்சி.

ஆனால் சரக்கின் ஜாதி ஒன்றுதான். 'எனக்கு உண்டு, உனக்கு இல்லை' என்பதில் ஒரு ருசி. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டால் டம்ளர் மாறும், திரை மாறும், ருசி மாறாது. நண்பரின் மனைவி பயந்தது அந்த ருசிக்குத்தான்.

சரி, என்னதான் செய்வது? எல்லோரும் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொள்வதா?

இந்த இடத்தில் காந்தியை நினைக்காமல் இருக்க முடியாது. 1893 ஜூன் 7. தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். கையில் முறையான முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும், நிறத்தைக் காரணம் காட்டி அவரை இறக்கிவிட்டார்கள். தனக்கு உரிமையுள்ள இருக்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சரக்குப் பெட்டிக்குப் போகச் சொன்னபோது மறுத்தார், குளிரில் நடுங்கிக்கொண்டே இரவைக் கழித்தார். அதே மனிதர் இந்தியா வந்த பிறகு மூன்றாம் வகுப்பில் ஊர் ஊராகச் சுற்றினார். அந்தப் பெட்டிகளின் நெரிசலையும் அழுக்கையும் பற்றி 1917-ல் விரிவாக எழுதினார்.

இரண்டும் முரண்பாடு மாதிரித் தெரியும். இல்லை. முதல் வகுப்பில் உட்கார எனக்கு உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதில் உட்கார்ந்தால்தான் எனக்கு மதிப்பா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்று சண்டை போட்டவர், இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முதலாவதை விட்டுக்கொடுத்தால் அது அடிமைத்தனம். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டால் அதுவும் வேறு மாதிரியான அடிமைத்தனம்.

எல்லோரும் காந்தி ஆக முடியாது என்பீர்கள். நியாயம். நம் மாதிரி ஆட்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதற்கு உதாரணம், மது தண்டவதே.

1974-ல் இந்திய ரயில்வே மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டது. பெயர்தான் போனது, மரப்பலகை போகவில்லை. 1977-ல் ஜனதா ஆட்சியில் ரயில்வே அமைச்சராக வந்தார் தண்டவதே. முதல் வகுப்பு மெத்தையைப் பிடுங்கிப் போடுவோம் என்று அவர் கிளம்பவில்லை. இரண்டாம் வகுப்பு மரப்பலகைக்கு மேல் இரண்டு அங்குல மெத்தை போட ஏற்பாடு செய்தார். அந்த வருஷம் டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் நடுவே வகுப்பு வித்தியாசமே இல்லாத ரயில் ஒன்றும் ஓடத் தொடங்கியது. கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ். ஈரோட்டிலிருந்து ராத்திரி ஸ்லீப்பரில் படுத்துச் சென்னைக்குப் போகும் ஒவ்வொருவர் முதுகும் இன்று வரை அந்த மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறது. டுப்யூய் சொன்ன கூரையை நூற்று முப்பது வருஷம் கழித்து மெத்தையாகப் போட்டவர் அவர்.

விமானத்திலும் அப்படி ஒரு காரியம் நடந்தது. கேப்டன் கோபிநாத் 2003-ல் ஏர் டெக்கானைத் தொடங்கினார். ஒரே வகுப்பு, இலவசச் சாப்பாடு கிடையாது, சின்னச் சின்ன ஊர்களுக்குப் பறக்கும், ஒரு ரூபாய் டிக்கெட்கூட விற்றார். 2020-ல் வந்த 'சூரரைப் போற்று' படத்துக்கு அவர் கதைதான் அடிப்படை. ஆடம்பரத்துக்குப் பேர் போன கிங்ஃபிஷர் கம்பெனி 2007-ல் ஏர் டெக்கானில் பங்கு வாங்கிப் பின்னர் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2012-ல் கிங்ஃபிஷரும் பறப்பதை நிறுத்திவிட்டது. இரண்டு கம்பெனியும் இன்று இல்லை. ஆனால் எளிய மனிதனும் பறக்கலாம் என்ற எண்ணம் மட்டும் தரையிறங்கவே இல்லை.

அந்த எண்ணம் நம் பக்கத்திலேயே ஒரு நாள் நிஜமானது. 2018-ல் அவிநாசி பக்கத்துக் கிராமம் ஒன்றில், தொழிலில் நன்றாக வந்த ஒருவர், தன் ஊர்ப் பெரியவர்கள் நூறு பேருக்கு மேல் திரட்டி, கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் அழைத்துப் போனார். காட்டு வேலை செய்து காய்ப்புக் காய்த்த கைகள். தலைக்கு மேலே பறப்பதை மட்டுமே அதுவரை அண்ணாந்து பார்த்தவர்கள். அதே பணத்தில் அந்தத் தொழிலதிபர் தன் குடும்பத்தோடு எத்தனை தடவை முன்வரிசையில் உட்கார்ந்து போயிருக்கலாம்! அவர் வித்தியாசத்தை வாங்கவில்லை. வசதியை வாங்கினார், வாங்கிய கையோடு பங்கு போட்டார்.

வித்தியாசத்தைக் காட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. கேத்தரின் டிசெல்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், விமானங்களில் பயணிகள் கத்திக் கூச்சலிட்டுத் தகராறு செய்த சம்பவங்களை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். முதல் வகுப்பு உள்ள விமானங்களில், சாதாரண வகுப்பில் தகராறு வருவதற்கான வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. முதல் வகுப்பு வழியாகப் பின்னால் நடந்து போக வேண்டியிருந்தால் அது இன்னும் கூடுகிறது. இன்னொரு சேதியும் அதில் இருக்கிறது. அப்படி எல்லோரும் கடந்து போகும்போது, முதல் வகுப்பில் இருப்பவர்களும் அதிகமாகத் தகராறு செய்கிறார்களாம்! காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் நடந்து போனவர்களுக்கு விஷயம் புரியும். பார்க்கிறவனுக்கும் நல்லதில்லை, பார்க்கப்படுகிறவனுக்கும் நல்லதில்லை.

இங்கே இன்னொரு வேடிக்கையும் ஞாபகம் வருகிறது. 2009 செப்டம்பரில் மத்திய அரசு சிக்கனம் என்று சொல்லி, மந்திரிகளைச் சாதாரண வகுப்பில் பறக்கச் சொன்னது. சோனியா காந்தியே டெல்லியிலிருந்து மும்பைக்கு அப்படிப் போனார். அப்போது வெளியுறவுத் துறை இணை அமைச்சராக இருந்த சசி தரூர், சாதாரண வகுப்பை ஆங்கிலத்தில் வழங்கும் 'மாட்டு வகுப்பு' என்ற பெயரால் ட்விட்டரில் குறிப்பிட, ஒரே அமளி. எங்கள் பக்கத்துக் காங்கேயம் காளைகளைக் கேட்டிருந்தால், அவைதான் முதலில் கோபப்பட்டிருக்கும். கட்டுத்தரையில் அவற்றுக்கு இதைவிட இடம் அதிகம்!

ஆனால் எனக்கு அந்தச் சொல்லைவிட அந்தச் சிக்கனம்தான் யோசிக்க வைத்தது. ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதும் ஒரு வித்தியாசம்தான். 'பார், நான் எவ்வளவு எளிமை' என்று காட்டும் வித்தியாசம். எளிமையையும் முதல் வகுப்பு டிக்கெட் மாதிரி வாங்க முடியும். அதனால் பின்னால் உட்கார்ந்தவரெல்லாம் நல்லவர், முன்னால் உட்கார்ந்தவரெல்லாம் கெட்டவர் என்று கணக்கு எழுத முடியாது.

பின் எப்படித்தான் கணக்கு எழுதுவது? நான் எனக்கென்று ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

'இது எல்லோருக்கும் கிடைத்துவிட்டால், என் சந்தோஷம் குறையுமா?'

குறையாது என்றால் நீங்கள் வாங்கியது வசதி. தாராளமாக வாங்குங்கள். குறையும் என்றால் நீங்கள் வாங்கியது வித்தியாசம். அதன் விலைச் சீட்டை இன்னொரு தடவை திருப்பிப் பாருங்கள்.

இந்தக் கேள்வியை விமானத்தோடு நிறுத்த வேண்டாம். நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் முக்கியஸ்தர்களுக்கு ஏ.சி. ரூமில் தனிப் பந்தி நடக்கிறது. இலையில் விழுவது அதே உப்புப்பருப்பும் அரிசியும்தான்! வயதானவரைக் கூட்டத்தில் நிற்க வைக்காமல் தனியாக உட்கார வைத்தால் அது வசதி. வெளியே வரிசையில் நிற்கிற சொந்தக்காரர் பார்க்கும்படி கதவைத் திறந்து வைத்தால் அது வித்தியாசம். கோயிலில் சிறப்பு தரிசன வரிசை இருக்கிறது. கைக்குழந்தைக்காரிக்கு அது வசதி. மற்றவர்களுக்கு என்னவென்று சாமிக்குத் தெரியும்.

அடுத்த லீவுக்கு நீங்களும் குடும்பத்தோடு எங்காவது கிளம்பலாம். விமானம் வரை போக வேண்டாம். 2023 ஏப்ரலில் வந்த கோவை - சென்னை வந்தே பாரத் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நிற்கிறது. அதிலும் சாதா சேர் கார், எக்ஸிகியூட்டிவ் என்று இரண்டு வகுப்பு உண்டு. அதே ஈரோடு ஜங்ஷன் வழியாகத்தான் தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் எக்ஸ்பிரஸும் வருகிறது. அதன் முன்பதிவில்லாப் பெட்டிகளில் நம் மில்லுக்கும் பட்டறைக்கும் வேலைக்கு வரும் வடக்கத்திப் பையன்கள் இரண்டு ராத்திரி மடங்கி உட்கார்ந்து வந்து இறங்குவதைப் பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளுக்குப் பிளாட்பாரத்தில் அதையும் காட்டுங்கள். குற்ற உணர்ச்சிக்காக இல்லை. ரயிலுக்கு நீளம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள.

டிக்கெட் போடும்போது வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். யார் சம்பாதித்தது என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். யாருக்கு முட்டி வலிக்கிறது, யாருக்குக் கீழ் பெர்த் வேண்டும், யார் இதுவரை ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததே இல்லை என்று கேளுங்கள். பையில் பணமிருந்து முன்வரிசை வாங்க முடிந்தால், வாங்குங்கள். கால் நீட்டித் தூங்குங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று. ஏறியதும் பின்னால் நடந்து போகிறவர்கள் உங்களைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை உங்களுக்கு இனிக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். இனித்தால் பயப்படுங்கள். அப்படிப் பயப்படத் தெரிந்தவரை எந்த வகுப்பில் உட்கார வைத்தாலும் ஆபத்தில்லை.